கேட்டுக் கொடுத்த பெட்டி

முதலில் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறியை நிறுத்துவார். பிறகு ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்குவார். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி, பழைய துண்டில் சுற்றி, மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடுவார். கடைக்குள் நிற்பது யாராக இருந்தாலும், "ரெண்டு நிமிஷம் வாயத் திறக்காதீங்க. மூச்சு மட்டும் விட்டுக்கலாம்" என்பார். அப்புறம்தான் மேசை மேலிருக்கும் பவர் சப்ளைக்கு மின்சாரம் கொடுப்பார். நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அதன் தகரத்தில் ஊன்றி, கைப்பிடியைத் தன் வலது காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார்.

பவர் சப்ளை என்பது கம்ப்யூட்டர் பெட்டியின் பின்மூலையில் உட்கார்ந்திருக்கும் செங்கல் அளவுத் தகரப் பெட்டி. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கி, உள்ளே இருக்கிற எல்லா உறுப்புகளுக்கும் அளந்து ஊட்டுவது அதன் வேலை. சூடு தணிய அதற்கென்று தனி விசிறி ஒன்று உண்டு. கம்ப்யூட்டருக்கு வயதானால் முதலில் முனகத் தொடங்குவது பெரும்பாலும் இதுதான்.

அந்தத் தெருவில் இதை விற்கிற கடைகள் இருபதுக்குக் குறையாது. மற்றவர்கள் "எத்தனை வாட்?" என்று கேட்பார்கள். இவர் கேட்கிற முதல் கேள்வி, "பக்கத்துல யாரு தூங்குவா?" என்பது. கைக்குழந்தைக்காரர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், வீட்டிலேயே குரல் பதிவு செய்கிறவர்கள், தூக்கம் வராத வயதானவர்கள் எல்லாரும் இவரைத் தேடித்தான் வருவார்கள். தெரு முழுக்க அவருக்குப் பெயர் 'காதண்ணன்'. கடைப் பலகையில் வேறு பெயர் எழுதியிருக்கிறது. அதை யாரும் நிமிர்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

அறுபத்து மூன்று வயது. ஒடிசலான உடம்பு. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு பென்சிலும், வளைத்த ஊக்கு ஒன்றும் எப்போதும் இருக்கும். பவர் சப்ளையிலிருந்து தொங்கும் கம்பிக் கற்றையில் பச்சையையும் கறுப்பையும் அந்த ஊக்கால் இணைத்தால், கம்ப்யூட்டர் இல்லாமலே அது ஓடத் தொடங்கிவிடும். "சும்மா ஓடறப்ப எல்லாப் பெட்டியும் சாதுதான். சுமை ஏத்தினாத்தான் சுயரூபம் தெரியும்" என்று சொல்லி, பழைய கார் விளக்குகள் இரண்டை அதில் மாட்டுவார். விளக்குக்குச் சத்தம் கிடையாது, மின்சாரத்தை மட்டும் குடிக்கும். அந்த வெளிச்சத்தில் அவர் முகம் மஞ்சளாகத் தெரியும்.

சத்தங்களுக்கு அவரிடம் தனி அகராதி இருந்தது. விசிறியின் பேரிங் தேய்ந்தால் 'உறுமல்'. காற்று சல்லடையில் மோதினால் 'சீறல்'. உள்ளே ஒயர் ஏதாவது விசிறியில் உரசினால் 'பல்லுக் கடி'. கடைசியாக ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள் அதிர்ந்து, மெல்லிய ஊசி போல ஒரு கீச்சு வரும். அதை மட்டும் அவர் 'அழுகை' என்பார். "உறுமற பெட்டிய விசிறி மாத்திச் சரி பண்ணிடலாம். அழுவற பெட்டிய ஒண்ணும் பண்ண முடியாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், பத்துப் பெட்டி எடுத்தா ரெண்டு அழுவும். கேட்டுத்தான் எடுக்கணும்."

இந்தக் காது அவருக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வாய்த்தது. அங்கே பதினெட்டு வருடம் லைன் சோதிக்கிற வேலை. ரிசீவரைக் காதில் வைத்தால் எந்தத் தெருவில் கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவாராம். பிறகு எல்லாம் மாறியது. பழுதை மெஷினே கண்டுபிடித்துத் திரையில் காட்டியது, இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் ஒன்றரை வருடம் சுவரைப் பார்த்தபடி ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் போகும்போது எப்படி உட்கார்ந்திருந்தாரோ, திரும்பி வரும்போதும் அப்படியே இருப்பாராம். அந்த மகள்தான் இப்போது கடையில் கல்லாவையும் சரக்கையும் பார்த்துக்கொள்கிறாள். முப்பதைத் தாண்டியவள். அவர் கூப்பிடுவது இன்னும் 'பாப்பா' என்றுதான்.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் இரவு வேலை. எங்கள் வீட்டில் படுக்கையறையும் நான் எழுதுகிற இடமும் ஒன்றேதான். நான் காலையில் எழுத உட்காரும் நேரத்தில் அவள் படுப்பாள். என் கம்ப்யூட்டருக்குப் பதினோரு வயது. அதில்தான் நான் பழகிய பழைய தமிழ் விசைப்பலகை மென்பொருள் ஓடும். புதிதில் ஏற்றிப் பார்த்தால் என் கட்டுரையெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. எனவே நானும் அதுவும் ஒருவரை ஒருவர் விடுவதாக இல்லை. அதன் பவர் சப்ளை உறுமத் தொடங்கியதும், "ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

காதண்ணன் என்னை விசாரித்த விசாரணையில் போலீஸ் தோற்றுப்போகும்.

"மிஷினு எங்க இருக்கு, மேசை மேலயா, கீழயா?"

"கீழ."

"மேசை மரமா, இரும்பா?"

"இரும்பு."

"அதான் உறுமல் கூடுது. அடில ரப்பர் வைங்க. அம்மா எத்தனை அடி தள்ளிப் படுப்பாங்க?"

"நாலடி இருக்கும்."

"தலை இந்தப் பக்கமா, காலா?"

"தலை."

இதையெல்லாம் ஒரு அட்டையில் பென்சிலால் குறித்துக்கொண்டார். நான் கொண்டுபோயிருந்த பழைய பெட்டியைப் புரட்டி, ஆணித் துளைகளை அளந்தார். பழைய ஹார்டு டிஸ்குக்கு வேண்டிய நாலு முள் பிளக் புதியதில் இருக்கிறதா என்று பார்த்தார். "உங்க மிஷினு நூத்தம்பது வாட்டுக்கு மேல சாப்பிடாது. நானூறு வாட் பெட்டி போட்டா அலட்டிக்காம ஓடும், சூடு ஏறாது, விசிறியும் சோம்பேறியாச் சுத்தும். அதுக்குன்னு ஆயிரம் வாட் கேக்காதீங்க, அது வீண் ஜம்பம்." ஒவ்வொரு பெட்டியையும் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "லேசா இருக்கற பெட்டிக்குள்ள செம்பு இருக்காது தம்பி. வெளிய ஸ்டிக்கர் இருக்கும்."

ஷட்டர் இறங்கியது, கடிகாரம் இழுப்பறைக்குள் போனது. ஐந்து பெட்டிகளைத் தள்ளினார். ஆறாவதில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக் கண்ணை மூடியவர் வெகுநேரம் திறக்கவில்லை. வாங்க வந்திருந்த நாங்கள் நால்வரும் மூச்சு மட்டும் விட்டபடி நின்றோம். வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். "இது ஓடறதே தெரியல. எடுத்துட்டுப் போங்க. அம்மா தூங்கட்டும்" என்று சொல்லி, அட்டைப்பெட்டி மேல் பென்சிலால் 'கேட்டாச்சு' என்று எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு மகள் கடையில் இல்லை. பல் டாக்டரிடம் போயிருப்பதாகச் சொன்னார். அதில் கவனிக்க ஒன்றுமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் மாட்டினேன். விசிறிச் சத்தம் துளியும் இல்லை. நான் வெற்றி பெற்றவன் மாதிரி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். மனைவி வந்து படுத்த ஐந்தாவது நிமிடம் எழுந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, ஏதோ கத்துது."

"என்ன கத்துது?"

"கொசு மாதிரி. கொசுகூட நடுவுல நிறுத்தும், இது நிறுத்த மாட்டேங்குது."

மேசைக்கடியில் குனிந்தேன். கேட்டது. அவள் சொல்லும்வரை கேட்காதது, சொன்ன பிறகு மண்டைக்குள் ஏறிக்கொண்டது. அவள் தலையணையைத் தலைமேல் போட்டுக்கொண்டு படுத்துப் பார்த்தாள். பிறகு முன்னறை நாற்காலிக்குப் போனாள். அன்று மாலை வேலைக்குக் கிளம்பும்போது அவள் கண்கள் சிவந்திருந்தன.

மறுநாள் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனேன். இங்கே ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சும்மா போகவில்லை, சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். சத்தத்தைப் படமாக வரைந்து காட்டும் ஒரு ஆப்பை முதல் நாளே போனில் இறக்கி வைத்திருந்தேன். உறுமல் மாதிரித் தாழ்ந்த ஒலிகள் இடப்பக்கம், கீச்சு மாதிரி உயர்ந்த ஒலிகள் வலப்பக்கம், எந்த ஒலி அதிகமோ அங்கே கோடு உயரும். ஒரு வாதத்தில் தோற்பது என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

அவருடைய மகள் எனக்குப் பிறகு சொன்னதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன வருடத்திலிருந்தே அவருக்கு உயர்ந்த சத்தங்கள் கேட்பதில்லை. உறுமலும் சீறலும் முன்போலவே கேட்கும், யாரைவிடவும் நன்றாகக் கேட்கும். அழுகை மட்டும் கேட்காது. கேட்காதது அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை எல்லாப் பெட்டியும் அழுவதை நிறுத்திவிட்டன. "இப்பல்லாம் கம்பெனிக்காரன் நல்லாப் பண்றான் பாப்பா" என்று சந்தோஷப்பட்டாராம். அவள்தான், லேபிள் ஒட்டுகிறேன் என்று சொல்லிப் பெட்டியைப் பின்னறைக்கு எடுத்துப்போவாள். அங்கே தானே ஓட்டிக் கேட்பாள். அழுதால் அதே மாடலில் அழாத ஒன்றை வைத்துக் கட்டிக் கொடுத்துவிடுவாள். ஒரு வருடமாகக் கடை அப்படித்தான் ஓடியது. அவள் இல்லாத ஒரே நாளில் வாங்கியவன் நான். "அப்பாவுக்குத் தெரிஞ்சா மறுபடியும் சுவரப் பாத்து உக்காந்துடுவார்ணா. எனக்கு அந்த நாற்காலிய நெனச்சாலே பயம்" என்றாள்.

இது எதுவும் தெரியாமல்தான் பெட்டியை மேசைமேல் வைத்தேன்.

"அழுவுதுண்ணே."

"என் பெட்டியா?" சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஷட்டரை இறக்கினார், விசிறியை நிறுத்தினார், கடிகாரத்தைக் கழற்றினார். ஊக்கை மாட்டியதும் நான் நின்ற இடத்துக்கே அந்தக் கீச்சு வந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்து, "ஒண்ணுமில்லயே" என்றார்.

"அப்பா, மாத்திக் குடுத்துடலாம்பா" என்று மகள் அவசரமாகக் குறுக்கே வந்தாள்.

"நல்ல பெட்டிய எதுக்கு மாத்தணும்? தம்பி, உங்க வீட்டுல வேற ஏதாவது கத்தும். போன் சார்ஜரப் பாருங்க, ட்யூப் லைட்டப் பாருங்க. கேட்டுப் பழகாத காதுக்கு எது எங்கேர்ந்து வருதுன்னு தெரியாது."

கடையில் நின்ற இருவர் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் அவருக்குப் பின்னால் நின்று, என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். நான் அதை அப்பாவுக்குப் பரிந்து பேசும் மகளின் தலையசைப்பு என்று எடுத்துக்கொண்டேன். போனை எடுத்து, பெட்டி பக்கத்தில் வைத்தேன்.

"என்ன இது?"

"சத்தத்தோட படம்ணே. இந்த ஓரத்துல பாருங்க."

வலது ஓரத்தில் ஒற்றைக் கோடு திரையின் உச்சி வரை நின்றது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஊக்கை எடுத்தார். கோடு விழுந்தது. மாட்டினார். எழுந்தது. எடுத்தார், விழுந்தது. திரும்ப மாட்டினார். ஏழெட்டு முறை அப்படிச் செய்திருப்பார். ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்த்து, காதைப் பெட்டிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுபோனார். கடைசியில் காது தகரத்திலேயே ஒட்டியிருந்தது. கண் மட்டும் திரையில் இருந்தது. சிரித்தவர்கள் எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"பாப்பா, உனக்குக் கேக்குதா?"

அவள் அட்டைப்பெட்டியை எடுக்கக் குனிந்தாள்.

"கேக்குதான்னு கேட்டேன்."

"கேக்குதுப்பா."

"எப்பலேர்ந்து?"

அவர் கேட்டது இந்தப் பெட்டியைப் பற்றியதல்ல என்பது அவளுக்கும் தெரிந்தது. "போன வருஷத்துலேர்ந்து" என்றாள்.

அவர் ஊக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கடிகாரத்தை எடுத்து மாட்டினார், விசிறியைப் போட்டார், ஷட்டரை முழுக்க ஏற்றினார். "தம்பிக்கு நீயே ஒண்ணு கேட்டுக் குடு" என்று மகளிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மாவோட தூக்கத்தக் கெடுத்துட்டேன். தப்பா நெனச்சுக்க வேணாம்னு சொல்லுங்க" என்று கும்பிட்டார். மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில், சாப்பாட்டுப் பையைக்கூட எடுக்காமல் நடந்து போனார்.

மகள் இன்னொரு பெட்டியை ஓட்டிக் கேட்டுக் கட்டிக் கொடுத்தாள். டேப் இரண்டு முறை சுருண்டுகொண்டது. நான் என்னென்னவோ உளறினேன். "நீங்க தெரியாமதான செஞ்சீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, மேலே எழுதிய கதையைச் சொன்னாள். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பெட்டி இப்போது என் மேசைக்கடியில் இருக்கிறது. உறுமல், சீறல், அழுகை எதுவும் இல்லை. மனைவி அசந்து தூங்கினாள். எனக்குத்தான் எழுத ஓடவில்லை. விஷயத்தைச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். "வயசானா மேல் சத்தம்தாங்க மொதல்ல போகும். எல்லாருக்கும் போகும். அதுக்கு நாலு பேர் முன்னால படம் போட்டா காட்டுவாங்க?" என்றாள். அடுத்த மூன்று வாரத்தில் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு நாலைந்து முறை அந்தத் தெரு வழியே போனேன். மகள் மட்டும் இருப்பாள். "வீட்டுலதான் இருக்கார்" என்பாள். எந்த நாற்காலியில் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை. தூரத்திலிருந்தே ஷட்டர் பாதி இறங்கியிருப்பது தெரிந்தது. கடை மூடுகிறார்கள் என்று நினைத்து வேகமாக நடந்தேன். எதிரே டீ விற்பவர், "நேத்துலேர்ந்து வராருங்க. பொண்ணுதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துச்சு. ஆனா யாருகிட்டயும் பேச்சு இல்ல" என்றார்.

குனிந்து உள்ளே பார்த்தேன். கார் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வாங்க வந்த பெண்மணி ஒருத்தி தோளில் தூங்கும் குழந்தையோடு ஓரமாக நின்றாள். மேசைக்கு முன்னால் மகள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் நின்றார். தாடி வளர்ந்திருந்தது. சட்டை முன்னைவிடத் தொளதொளவென்று தொங்கியது.

"இது வேணாம்ப்பா" என்றாள்.

அவர் குனிந்து தானும் பெட்டியில் காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். "எப்படி இருக்கு?"

"மெலிசா... சொல்லத் தெரியலப்பா."

"சொல்ல வேணாம். பாடிக் காட்டு."

அவள் வெட்கத்தோடு அந்தப் பெண்மணியை ஒருமுறை பார்த்தாள். பிறகு உதட்டைக் குவித்து, பெட்டியோடு சேர்ந்து மெல்லிய கீச்சுக் குரலில் இழுத்தாள். அவர் முகத்தில் அசைவில்லை.

"அவ்வளவு மேல போனா எனக்கு எட்டாது. எறக்கிப் பாடு."

அவள் குரலை இறக்கினாள். இன்னும் இறக்கினாள். அவர் பெட்டியிலிருந்து தலையை எடுத்து, மகளின் வாயருகே காதைக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொண்டார்.